ஆறட்டும் சாரின் கார்

பெருங்களத்தூரில் அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத ஒரே மனிதர் எங்கள் எதிர் ஃபிளாட் ‘ஆறட்டும் சார்’தான். காபி வந்தாலும் ஆறட்டும் என்பார். அசோசியேஷன் மீட்டிங்கில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டாலும் ஆறட்டும் என்பார். அவருடைய சொந்தப் பெயர் போஸ்ட்மேனுக்கு மட்டும்தான் தெரியும்.

அவரிடம் பழைய க்ரீம் கலர் கார் ஒன்று இருந்தது. ரேடியேட்டர் ஹோஸ் முனையில் கூலன்ட் கசியும். பெரிய ஒழுக்கெல்லாம் இல்லை, நிமிஷத்துக்கு ஒரு பச்சைச் சொட்டு. தாம்பரத்து மெக்கானிக் அரை மணி நேர வேலைதான் என்று சொல்லியும் சார் வண்டியைத் தொட விடவில்லை. ஓடுகிற வண்டியை எதற்குப் பிரிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ராத்திரி காருக்கு அடியில் பழைய பேப்பரை விரிப்பார். காலையில் அதன் ஈரத்தைப் பார்த்து, அதற்குத் தகுந்தபடி கூலன்ட் ஊற்றுவார். இன்ஜின் சூடாக இருக்கும்போது மட்டும் மூடியைத் திறக்கவே மாட்டார். காய்ச்சல்காரக் குழந்தையைத் தொடுவதுபோல் பானெட்டில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். சூடு விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான், கலெக்டரே வந்து கெஞ்சினாலும் மாறாது.

இந்த மனிதருடைய காரில் பெண் பார்க்கப் போனேன் பாருங்கள், என் புத்தியை என்னவென்று சொல்ல!

அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. நாவலூரில் வேலை. அலைந்து திரிந்து கடைசியில் ஜாதகம் பொருந்தியது பள்ளிக்கரணைப் பெண் ஒருத்திக்குத்தான். பையனோடு கொஞ்ச நேரம் தனியாகப் பேசாமல் சம்மதம் சொல்ல மாட்டேன் என்று அவள் சொல்லியிருந்தாள். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கமே கிடையாது என்று அவள் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். இந்தச் சம்பந்தமும் போய்விடும் என்று நான் புலம்பாத ஆள் இல்லை. சாரிடமும் புலம்பினேன். அவர் வழக்கம்போல் ஆறட்டும் என்றார், வண்டியை நானே எடுத்து வருகிறேன் என்றும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் பெண் வீட்டில் காலை வைத்தாக வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. மூன்று மணிக்கே கிளம்பினோம். மேடவாக்கம் நெரிசலில் டெம்பரேச்சர் முள் ஏறியது. சார் ஓரங்கட்டினார். ஆட்டோ பிடிக்கலாம் என்று அம்மா பல்லைக் கடித்தாள். இஸ்திரி போட்ட சட்டையோடு பானெட்டருகே நின்ற மனிதரை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. நாற்பது நிமிஷம் ஆறவைத்து, இருந்த கூலன்டை எல்லாம் ஊற்றினார்.

பெண் வீட்டு வாசலை அடைந்தபோது மணி நாலு நாற்பது. முள் மறுபடி உச்சியில்.

“ஆறு மணி வரைக்கும் அந்த வாசப்படியை யாரும் மிதிக்கக் கூடாது” என்று அம்மா பின்சீட்டில் சாய்ந்துகொண்டாள்.

சார் கேட்டருகே போய்த் தண்ணீர் கேட்டார். போர் தண்ணீர் உப்பு, ரேடியேட்டர் பாழாகிவிடும், கேன் தண்ணீர்தான் வேண்டும் என்று கண்டிஷன் வேறு. கொஞ்ச நேரத்தில் குடத்தோடு வந்தவள் அந்தப் பெண்ணேதான்.

“இன்னும் சூடா இருக்கும்மா. கொஞ்சம் இரு. தம்பி, இறங்கி வந்து குடத்தை வாங்கிக்கோ.”

அம்மா முறைத்தாள். நான் மிதித்தது ரோட்டைத்தான், வாசப்படியை இல்லை. அவள் அப்பாவும் வாசலில் நின்று பார்த்தார். ரேடியேட்டர் விவகாரத்தில் அவர் என்ன சொல்ல முடியும்?

காருக்கு அடியில் சொட்டிய பச்சையைப் பார்த்து, “ஹோஸை இறுக்குற ஒரு கிளாம்ப் மாத்தினா நின்னுடுமே, ஏன் மாத்தல?” என்றாள்.

“கார் என்னோடது இல்லீங்க.”

“அப்பாடா” என்று சிரித்தாள்.

அப்புறம் வேலையைப் பற்றிப் பேசினோம். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விடச் சொல்வீர்களா என்று கேட்டாள், மாட்டேன் என்றேன். எனக்குச் சமைக்கத் தெரிந்தது ரசம் மட்டும்தான் என்பதையும் ஒப்புக்கொண்டேன். நடுநடுவே சார் புறங்கையை வைத்துப் பார்த்து, “இன்னும் ஆறல” என்று உதட்டைப் பிதுக்கினார்.

ஆறு மணி அடித்ததும் ஆறிவிட்டது என்றார். உள்ளே போனோம். கேன் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய்விட்டதால் காபி லேசாக உப்புக் கரித்தது. அவள் அப்பாவைப் பார்த்துத் தலையாட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பும்போது அம்மா தூங்கிவிட்டாள். மேடவாக்கத்தில் நாற்பது நிமிஷத்தில் ஆறிய வண்டி, அங்கே மட்டும் எப்படி ஒன்றேகால் மணி நேரம் ஆறாமல் இருந்தது என்று சாரிடம் கேட்டேன்.

ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: “அது அஞ்சேகாலுக்கே ஆறிடுச்சுப்பா. நீங்க பேசிட்டிருந்தீங்க.”

சூடு விஷயத்தில் அந்த மனிதர் சொன்ன ஒரே பொய் அதுதான். அதையும் எனக்காகச் சொன்னார்.