‘ஹேஸ் பீன்’ பற்றிய முறைப்பாடு

கண்டக்குழி,
கற்பிட்டி.

ஞாயிறு ஆங்கிலப் பாடப் பக்கத்தின் ஆசிரியர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தாங்கள் எந்த மார்க்கத்தவரோ தெரியாது. ஸலாம் யாருக்கும் கெடுதல் செய்யாது என்பதால் எழுதினேன். தங்களுக்கும் வீட்டாருக்கும் நல்ல சுகம் கிடைக்கட்டும். நான் ஓய்வுபெற்ற தபால்காரன். தங்களது பதினேழாம் பாடத்தால் எனக்கு நேர்ந்ததைக் கேளுங்கள்.

என் மகன் ஹிஷாம் கட்டாரில் வேலை செய்கிறான். ஐந்து வருடத்துக்கு முன் கிரேஸ் என்ற பிலிப்பைன்ஸ் ஆஸ்பத்திரித் தாதியைத் திருமணம் முடித்தான். “இனி இந்த வீட்டுப் பக்கம் வராத” என்று ஃபோனில் கத்தினேன். அவனும் என் பிள்ளைதானே, வீம்பில் நம்பரை மாற்றி எல்லோரையும் விட்டுவிட்டான். இந்த வருட நோன்பு மாதத்தில் என் மனைவி சித்தி ஸுலைஹா மவுத்தானாள். அடக்கத்துக்கு அவனுக்குச் சொல்லி அனுப்ப வழியில்லை. நாற்பது நாள் கழித்து அவளது ஃபோனைத் திறந்தால், எனக்கும் ஹிஷாமுக்கும் தெரியாமல் மாமியும் மருமகளும் கதைத்திருக்கிறார்கள்! அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, கிரேஸுக்குத் தமிழ் தெரியாது. பூப்படம், மீன்கறிப் படம், பேரப்பிள்ளைக்கு முத்தம், இவைதான் கதை. கடைசியாகக் கிரேஸ், தாயை அழைப்பதுபோல் அனுப்பிய “உம்மா, ஆர் யூ ஓகே?” பதிலில்லாமல் கிடந்தது.

பதில் எழுதத் தங்கள் பாடத்தை விரித்தேன். முடிந்துபோனதற்கு ‘வோஸ்’, முன்பு தொடங்கி இன்னும் தொடர்வதற்கு ‘ஹேஸ் பீன்’ என்று போட்டிருந்தீர்கள். அவளது மருந்து வாசம் இன்னும் அறையில் இருக்கிறது. ஆகவே தொடர்வது என்று எடுத்துக்கொண்டு, “மதர் ஹேஸ் பீன் சிக்” என்று அனுப்பினேன். பத்தாம் நாள் பார்சல் வந்தது: முழங்கால் தைலம், சத்து மாத்திரை, இரண்டு சோடிக் காலுறை. பேரப்பிள்ளை சுகம் கேட்டுக் குரலும் அனுப்பியிருந்தது.

வெள்ளைக்காரர்களுக்குக் கடலில் டொல்பின் காட்டும், என்னை அண்ணன் முறையில் ‘நானா’ என்று அழைக்கும் ஜெனிஸ்டனிடம் ஓடினேன்.

“நானா, இப்பிடி எழுதினா அவங்க இன்னும் வருத்தமாப் படுத்திருக்காங்க எண்டுதான் விளங்கும். ‘வோஸ்’ போடுங்க.”

“நீயே போடு மகன்.”

ஃபோனை வாங்கினான். கொஞ்சநேரம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். “எனக்கு ஏலா நானா. டொல்பினப் பத்தி எண்டாக் கதைப்பன்.”

காலுறைகளை அவளது உடுப்புகளோடு அலுமாரியில் வைத்திருக்கிறேன். இப்படிக் குழப்பும் பாடத்தை ஒரு பத்திரிகை போடலாமா?

தங்கள் பேனையிலும் பிள்ளைகுட்டிகளிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
எம். ஜவாஹிர்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் ஃபோன் அடித்தது. ஹிஷாம். கிரேஸ் இன்றுதான் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாளாம்.

“வாப்பா, உம்மாக்கு என்ன வருத்தம்? ஃபோன அவட கையில குடுங்க.”

“உம்மா மவுத்தாப் போய்ட்டா மகன்.”

எந்த நாள், எத்தனை மணிக்கு என்று கேட்டான். பிறகு, “வாப்பா, நீங்க தனியாவா ஈக்கிறீங்க?” என்று கேட்டான். வெள்ளிக்கிழமை மூவரும் வருகிறார்கள்.

ஆகவே முறைப்பாட்டைப் பிரசுரிக்க வேண்டாம். பாடம் முதல் வாசிப்பிலேயே விளங்கியது. தெரிந்துகொண்டேதான் ‘ஹேஸ் பீன்’ போட்டேன்.