ஏழாம் நாள் குடுவை

பெண்டாட்டியின் உண்மையான வயசைக் கண்டுபிடிக்காமல் விடப்போவதில்லை என்று வஹ்பி சபதம் எடுத்தது ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. சபதம் எடுக்க ஒரு நேரங்காலம் இல்லையா என்று கேட்காதீர்கள். வயிறு நிறைய மீன் சோறு, ஜன்னல் நிறையக் கடல். அந்த நேரத்தில் எந்த ஆம்பிளைக்கும் தன்னால் ஆகாதது உலகத்தில் ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும்.

அலெக்சாந்திரியாவில், அன்ஃபூஷிப் பேட்டையில், ஐந்தாம் மாடி வீடு. அதில் கடலைப் பார்த்த அறை ஒன்றே ஒன்று. அந்த அறையில் மனுஷர் யாரும் குடியில்லை. தகரத் தவளை, தகர டிராம், சாவி கொடுத்தால் மேளம் கொட்டும் குரங்கு, காது போன யானை, மீலாது விழாவில் விற்கும் பொம்மைப் பெண்கள் பதினொரு பேர், இப்படி. எல்லாம் பழைய சாமான் கடைத்தெருவில் இருபது வருஷமாக வஹ்பி பொறுக்கிச் சேர்த்தவை. அவருடைய அப்பா டிராம் கண்டக்டர். இவர் ஒரு படி ஏறி டிக்கெட் பரிசோதகர். அந்த உத்தியோகம் சோற்றுக்கு, இந்த அறைதான் உயிருக்கு. காலை வேலை முடிந்து வந்து சாய்வு நாற்காலியில் சாய்ந்தால், கடல் வெளிச்சம் கூரையில் நெளியும். மேளக்குரங்கு தூக்கத்தில் தலையசைப்பது போலிருக்கும். கண்ணை மூடினால் போதும், எங்கேயோ சின்னப் பையனாக மிதந்துகொண்டிருப்பார். மீன் சோறு செரிக்கும் வரை அந்த மிதப்பு இறங்காது.

வயசு சொல்வதில் மனுஷர் மன்னன். பொம்மையின் முதுகைக் கட்டை விரலால் பரபரவென்று தேய்த்து முகர்வார். கற்பூர வாசனை வந்தால் இப்போதைய பிளாஸ்டிக்குக்கு முந்தினது. திருகாணித் தலையில் ஒற்றைக் கோடா கூட்டல் குறியா என்று பார்ப்பார். ரமலான் விளக்கென்றால் உள்ளே எட்டிப் பார்ப்பார். பழைய டப்பாவை வெட்டிச் செய்கிற விளக்கு ஆயிற்றே, டப்பாவின் அச்சு உள்பக்கம் அப்படியே இருக்கும்.

"பழசா இருக்கிறதைப் பார்த்து மயங்காதீங்க. அதுல இருக்கிறதிலேயே புதுசு எதுன்னு தேடுங்க. அதுதான் உண்மையான வயசு சொல்லும்" என்று கடைத்தெருவில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் உபதேசம் வேறு.

அவரிடம் இருந்ததிலேயே மூத்தது ஒரு ரமலான் விளக்கு. சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி, உள்ளே பிஸ்கட் டப்பாவின் அச்சு, முப்பத்தாறாம் வருஷம். வஹ்பி பதிவேட்டின்படி முப்பத்தெட்டில் பிறந்தவர். "எனக்கு ரெண்டு வருஷம் அண்ணன்" என்று அதைத் தடவிக்கொடுப்பார். மனசில் இருப்பதையெல்லாம் அந்த அண்ணனிடம்தான் வாய்விட்டுச் சொல்லுவார்.

அன்றைக்குச் சொல்ல நிறைய இருந்தது. சாப்பிட்டு எழுந்ததும் பெண்டாட்டி பஹீகா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தாள். புருஷனை அவள் கூப்பிடுவது எப்போதும் 'நசீமின் அப்பா' என்றுதான்.

"அபூ நசீம், இந்த அறை எனக்கு வேணும்."

"எதுக்கு?"

"உக்கார."

"சமையக்கட்டுப் பக்கத்து அறையில உக்காரேன். முப்பது வருஷமா அங்கதானே உக்காந்தே?"

"அதனாலதான் கேக்கறேன். கீழ்வீட்டுப் பூண்டு வாசனையைத்தான் முப்பது வருஷமா காத்துன்னு நெனச்சுக்கிட்டிருக்கேன். இங்க உங்க தவளை கடல் காத்து வாங்குது. அதுக்கு மூச்சு இருக்கா, மூக்கு இருக்கா?"

"கடல் ஈரம் உனக்கு ஆகாது. வயசான எலும்புக்கு அது விஷம்."

"யாருக்கு வயசான எலும்பு? எனக்கு அம்பத்திநாலு. உங்களுக்கு அம்பத்தெட்டு."

"அதெல்லாம் காகிதத்துல. உங்கப்பா உன்னைப் பதியப் போனப்போ உனக்குப் பல்லு விழுந்து முளைச்சிருக்கும்."

அப்படிச் சொன்னது பெரிய அபாண்டமும் இல்லை. அந்தக் காலத்தில் பிள்ளை பிழைத்துக் கிடக்கட்டும், அப்புறம் பதியலாம் என்று வருஷக்கணக்கில் தள்ளிப்போட்ட வீடுகள் தெருவுக்கு நாலு இருந்தன. ஆனால் பஹீகா ஒரு வார்த்தை பதில் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டாள். பதில் சொல்லாத பஹீகாவை வஹ்பி அதுவரை பார்த்ததே இல்லை. உண்மை சுட்டுவிட்டது என்று முடிவு கட்டினார். அந்த நிமிஷம்தான் சபதம் பிறந்தது.

"அண்ணே" என்றார் விளக்கிடம், பாதித் தூக்கத்தில். "அவ சீதனப் பெட்டியில துணி சுத்தி ஒண்ணு வச்சிருக்கா. ஒருநாள் ஓரம் விலகினப்போ பார்த்தேன், பிள்ளை பொறந்த ஏழாம் நாள் விழாவுக்கு ஜோடிச்சு வைக்கிற குடுவை. அது மட்டும் என் கைக்கு வந்தா அவ வயசு வந்துடும். என்னைவிட மூத்தவள்னு நிரூபிச்சுட்டா இந்த அறை காலத்துக்கும் நம்மது."

கதவு லேசாக ஆடியது. காற்றுதான் என்று நினைத்துக்கொண்டு மிதக்கப் போய்விட்டார்.

மறுநாள் வெள்ளித் தொழுகை முடிந்து படியேறி வந்தால், பக்கத்து வீட்டு உம் ஷவ்கி கூடத்தில் உட்கார்ந்து தர்பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பேட்டையில் யார் வீட்டில் வழக்கு என்றாலும் அழைக்காமலே வந்து சாட்சி சொல்கிறவள். அவள் முன்னால் மேஜைமேல், ஒரு துணி மூட்டை.

"நேத்து பெரிசா பேசினீங்களே" என்றாள் பஹீகா. "இதைப் பார்த்து வயசு சொல்லுங்க. உங்க கெட்டிக்காரத்தனத்தை உம் ஷவ்கியும் பார்க்கட்டும்."

வஹ்பி ஒரு நாற்காலியை மேஜையோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தேடிப் போக வேண்டிய புதையல் தானே நடந்து வந்து மேஜையில் ஏறிக்கொண்டதே! வேறு யாராவதாக இருந்தால் அங்கேயே கொஞ்சம் யோசித்திருப்பார்கள்.

"சொல்றேன். ஆனா பந்தயம் இருக்கு" என்றார். "இந்த வீட்ல யார் மூத்தவங்களோ அவங்களுக்குச் சமையக்கட்டுப் பக்கத்து அறை. இளசா இருக்கிறதுக்கெல்லாம் கடல் காத்து. அப்புறம் அழக்கூடாது."

"இளசா இருக்கிறதுக்கெல்லாம் கடல் காத்து" என்று பஹீகா நிதானமாகத் திருப்பிச் சொன்னாள். "உம் ஷவ்கி, காதுல விழுந்ததா?"

"ரெண்டு காதுலயும்."

துணி விலகியது. உள்ளங்கை உயரத்தில் ஒரு மண்பாண்டம், வெள்ளி நிறத் தாள் சுற்றி, காகித ரோஜாப்பூக்கள் ஒட்டி, வாய் விளிம்பில் மெழுகு வழிந்து உறைந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் வஹ்பிக்கு என்னவோ செய்தது. எப்போதோ, எங்கேயோ, இந்த ரோஜாக்களை மிக அருகில் பார்த்த மாதிரி. கன்னத்தில் சில்லென்று மண் பட்ட மாதிரி. மெழுகு வாசனைக்குள்ளிருந்து யாரோ தாலாட்டுகிற மாதிரி. எல்லா ஏழாம் நாள் சாமானும் ஒரே மாதிரிதானே இருக்கும் என்று தலையை உதறிக்கொண்டு பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"முதல் விஷயம். மூக்கு இல்லை. ஆம்பிளைப் பிள்ளைன்னா மூக்கு வச்ச கெண்டி. பொம்பிளைப் பிள்ளைன்னா மூக்கில்லாத குடுவை. ஆக, இது பொம்பிளைப் பிள்ளையோடது."

"இது எங்க வீட்டுப் பூனைக்கும் தெரியும்" என்றாள் உம் ஷவ்கி, விதையைத் துப்பிவிட்டு.

வஹ்பி காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரோஜாவை முகர்ந்தார். பசையை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். கோதுமைப் பசை. பழசு. பூவும் பழசு, சாயம் வெளுத்துப் போனது. கிழிந்த வெள்ளித் தாளை மெல்லத் தூக்கினார். அடியில் வரிசையாக ஒட்டியிருந்தவை டிராம் டிக்கெட்டுகள்! மனுஷருக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை.

"சுப்ஹானல்லாஹ்! இந்த மஞ்சள் டிக்கெட்டை நான் ஆபீஸ் பழைய ஆல்பத்துலதான் பார்த்திருக்கேன். யுத்தத்துக்கு ரொம்ப முந்தினது. ஆனா பாரு, ஒண்ணுலகூட ஓட்டை போடலை. உம் ஷவ்கி, இவங்கப்பா துறைமுகத்துல மீன் வித்தவர். டிராம்ல டிக்கெட்டுக்கு ஓட்டை போடாமலே ஊரைச் சுத்தியிருக்கார்! இன்னிக்கு என் கையில மாட்டியிருந்தா காதைத் திருகி இறக்கிவிட்டிருப்பேன்."

"இறக்கிவிட்டிருப்பீங்க" என்றாள் பஹீகா. அவள் உதடு துடித்தது. அவமானத்தில் துடிக்கிறது என்று வஹ்பி எடுத்துக்கொண்டார்.

கடைசியாக மெழுகு. நகத்தால் சுரண்டியதும் உள்ளே ஒரு மில்லீம் காசு மின்னியது. முப்பத்துமூன்றாம் வருஷக் காசு.

"காசைப் பார்த்து மட்டும் ஏமாற மாட்டான் இந்த வஹ்பி. பழைய காசை எப்ப வேணா ஒட்டலாம். ஆனா இது மின்னுது பாரு. ஒரு மீன்காரன் விரல்கூட இதுல படலை. வந்த சூட்டோட வாங்கி மெழுகுல பதிச்சிருக்காங்க. ஆக, பிள்ளை பொறந்தது முப்பத்திமூணு. இப்போ தொண்ணூத்தாறு." எழுந்து நின்றார். குரல் கூடத்தையே நிறைத்தது. "இதுக்குச் சொந்தக்காரங்களுக்கு அறுபத்திமூணு வயசு! அறுபத்திமூணு! அம்பத்தெட்டு வயசுப் பச்சைப்பிள்ளை தலையில ஒரு கிழத்தைக் கட்டி வச்சிருக்காங்க!"

"யா சலாம்" என்றாள் உம் ஷவ்கி, கொறிப்பதை நிறுத்திவிட்டு.

"உறுதியா?" என்றாள் பஹீகா.

"என் மீசைமேல ஆணை."

"அப்புறம் மாத்திப் பேச மாட்டீங்களே?"

"இருபது வருஷத்துல ஒரு தடவை நான் தப்பாச் சொல்லியிருக்கேனா?"

"இல்லை" என்று பஹீகா ஒத்துக்கொண்டாள். "இப்பவும் சரியாத்தான் சொல்லியிருக்கீங்க."

கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி, வயிற்றுப் பக்கம் இருந்த பெரிய ரோஜாவை நெம்பினாள். பூ உதிர்ந்தது. அதற்கடியில் வெள்ளையாக ஒரு வட்டம். ஊசியால் ஒரு குத்து. சுண்ணாம்புக் கட்டி பொத்தென்று மேஜையில் விழுந்தது. பாண்டத்தின் வயிற்றில் ஒரு ஓட்டை, சுற்றிலும் உடைந்த விளிம்பு.

"இங்க மூக்கு இருந்தது" என்றாள். "ரெண்டு வயசுல நீங்களே கடிச்சு உடைச்சீங்களாம்."

வஹ்பி பூதக்கண்ணாடியோடு அந்த ஓட்டையின் மேல் குனிந்தார்.

"கல்யாணத்தன்னிக்கு உங்கம்மா என் கையில குடுத்தாங்க. 'பள்ளிக்கூடத்துல சேர்க்கப் போனப்போதான் இவனுக்குக் காகிதமே எழுதினோம், அப்பவே அஞ்சு வயசு. அவன்கிட்ட சொல்லாதே, இளசுன்னு நெனச்சு சந்தோஷமா இருக்கட்டும்'னாங்க. முப்பது வருஷம் சொல்லலை. நேத்து மட்டும் வயசான எலும்புன்னு சொல்லாம இருந்திருந்தா, கபர்க்குழி வரைக்கும் சொல்லியிருக்க மாட்டேன்."

"பசை... பழசா இருந்ததே" என்றார் வஹ்பி ஈனஸ்வரத்தில்.

"பின்பக்கத்துப் பூவை எடுத்து முன்பக்கம் வச்சேன், அதே பழைய பசையை நனைச்சு. இருக்கிறதிலேயே புதுசு எதுன்னு தேடச் சொல்லுவீங்களே, அது சுண்ணாம்பு. நேத்து சாயங்காலம் வச்சது. இன்னும் ஈரம்கூடக் காயலை."

"அப்போ அந்த டிக்கெட்டு?"

"ஓட்டை போடாத டிக்கெட்டு கட்டுக்கட்டா யார் வீட்ல கிடக்கும் அபூ நசீம்? மீன்காரர் வீட்லயா, கண்டக்டர் வீட்லயா?"

உம் ஷவ்கிக்குப் புரை ஏறிவிட்டது. முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டு, இருமிக்கொண்டே எழுந்து வெளியே ஓடினாள். இனி ஒரு மணி நேரத்தில் மாடிக்கு மாடி, பால்கனியிலிருந்து கூடை இறக்கும் கயிற்றுக்குக் கயிறு, சேதி போய்விடும்.

வஹ்பி கடல் அறைக்குள் போய் நாற்காலியில் விழுந்தார். கூரையில் வெளிச்சம் வழக்கம்போல நெளிந்தது. ஐந்து வருஷம்! ஒரு மதியத்தில் ஐந்து வருஷம் போய்விட்டதே. அல்லது வந்துவிட்டதா? கன்னத்தில் பட்ட அந்தச் சில்லென்ற மண், அந்த மெழுகுத் தாலாட்டு, எல்லாம் தன்னுடையதுதானா? பதிவேட்டுக்கு முந்தின ஐந்து வருஷமும் இங்கேதான் எங்கேயோ மிதந்துகொண்டிருந்ததா? நிஜமாகவே துக்கமாக இருந்தது. கொஞ்சம் இனிப்பாகவும் இருந்தது. பேட்டை முழுக்க வயசு சொல்லித் திரிந்தவனுக்குத் தன் வயசு தெரியவில்லை, அதை அம்மாவும் பெண்டாட்டியும் சேர்ந்து துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

பஹீகா புதினாத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். முகத்தில் கோபம் இல்லை. அவர் தோளில் ஒரு நிமிஷம் கை வைத்தாள்.

"வருத்தப்படாதீங்க. அறுபத்திமூணுக்கு நல்லாத்தான் இருக்கீங்க. தேநீர் ஆறுறதுக்குள்ள குடிச்சுட்டு, நாற்காலியைத் தூக்குங்க."

பேசின பேச்சு பேச்சுத்தான். வஹ்பி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பூண்டு வாசனைக்குள் போனார். திரும்பி வந்தபோது பஹீகா ஜன்னலோரம் காலை நீட்டி, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். முக்காடு காற்றில் பறந்தது. தவளையும் குரங்கும் அவள் காலடியில் வரிசையாக நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தன. வஹ்பி யாரையும் பார்க்காமல் அலமாரிப் பக்கம் போய் விளக்கின் மேல் கை வைத்தார்.

"என்ன பண்றீங்க?"

"அண்ணனை மட்டுமாவது கூட்டிக்கிட்டுப் போறேனே."

பஹீகா கண்ணைத் திறக்கவில்லை.

"யாருக்கு யார் அண்ணன்? அது முப்பத்தாறு, நீங்க முப்பத்திமூணு. தம்பி இங்கேயே இருக்கட்டும் பெரியவரே, இளசுக்குத்தானே கடல் காத்து."