மரங்கொத்தி ஃபெயிலான மரச்சிற்ப வகுப்பு

ஒரு காட்டில் கோடை விடுமுறை என்று ஒன்று புதிதாக வந்து சேர்ந்தது. அதுவரை பசித்தால் தின்று, களைத்தால் படுத்துக் கிடந்த மிருகங்களுக்குத் திடீரென்று போரடித்தது. போரடித்தால் சும்மா இருக்குமா? பொழுதுபோக்கு தேடின.

மரநாய் தாண்டவராயன் நேரம் பார்த்து ஒரு பலகை மாட்டினார். 'மரச்சிற்பக் குழு வகுப்பு. பன்னிரண்டே நாள். முன் அனுபவம் தேவையில்லை.' அந்தக் கடைசி வரி ஆசிரியருக்கும் சேர்த்துத்தான் என்பதை மட்டும் எழுதவில்லை. அவர் போனில் நாலு வீடியோ பார்த்திருந்தார். அதில் ஒன்றை முழுசாகவே பார்த்திருந்தார்.

வகுப்பு நடந்தது ஒரு வாகை மரத்தடியில். கரடி நிமிர்ந்தால் மூக்கு எட்டும் உயரத்தில் அந்த மரத்தில் ஒரு பொந்து. மரங்கொத்தி செங்கமலம் அதில் மூன்று முட்டை இட்டு, அன்றுதான் அடைகாக்க உட்கார்ந்திருந்தாள். குஞ்சு பொரிக்க அவளுக்கும் பன்னிரண்டு நாள் வேண்டும்.

முதல் நாள் எல்லோரும் யானை செதுக்கினார்கள். கரடி வேலப்பனுக்கு இடது காது சின்னதாகப் போய்விட்டது. சமன் செய்ய வலது காதைச் சீவினார். அது இன்னும் சின்னதானது. மறுபடி இடது. காது தீர்ந்ததும் "இது பன்றி" என்றார். மூக்கு உடைந்ததும் "எலி" என்றார். சாயங்காலம் அது கரண்டியாகிவிட்டது. திரும்பிப் பார்த்தால் வகுப்பு முழுக்கக் கரண்டி.

"பிரமாதம்! நானே கரண்டிதான் சொல்லிக் குடுக்கறதா இருந்தேன்" என்றார் மாஸ்டர்.

ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு தலைப்புச் சீட்டு கட்டித் தொங்கவிட்டார்கள். 'ஏக்கம்', 'மௌனம்', 'அம்மா'. அவற்றைத் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

மறுநாளும் யானை, மறுநாளும் கரண்டி. ஆளுக்கொரு கிளை காலி. வாகையின் இடப்பக்கம் மொட்டையானது. பார்க்க ஒருமாதிரி இருக்கிறதே என்று வலப்பக்கத்தையும் வெட்டினார்கள். நாலாம் நாள், பொந்து இருந்த அடிமரம்தான் மிச்சம்.

செங்கமலம் பதறிக்கொண்டு இறங்கி வந்தாள். "மாஸ்டர், என் முட்டைங்க உள்ள இருக்கு. இன்னும் எட்டு நாள் பொறுத்துக்கங்க."

"நீங்க நம்ம ஸ்டூடண்டா?"

"இல்லீங்க, குடியிருக்கேன்."

"ஸ்டூடண்ட்ஸோட குறையை மட்டுந்தாம்மா கேப்போம்."

வேறு வழியில்லாமல் வகுப்பில் சேர்ந்தாள். பத்து நிமிஷத்தில் தந்தம், வால், கால் நகம் உட்பட ஒரு யானை செய்து வைத்தாள்.

"உளி எங்கம்மா?"

"மூக்காலயே செஞ்சேங்க."

"அடிப்படையே தப்பு. உளி பிடிக்கறதுக்குத்தான் பாதி மார்க். ஃபெயில்!"

பக்கத்தில் இருந்த முயல் பூங்காவனம் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னாள். "விடுங்க அக்கா, போகப் போக உங்களுக்கும் கரண்டி வந்துடும்."

செங்கமலம் யோசித்தாள். இவர்கள் எதையும் வெட்டுவார்கள், தலைப்பு எழுதியதைத் தவிர. பறந்து போய்ப் பொந்துக்குக் கீழே கொத்தி எழுதினாள்: 'வெறுமை. முடிந்த படைப்பு. தொடக்கூடாது.'

ரம்பத்தோடு வந்த மாஸ்டர் அப்படியே நின்றுவிட்டார். "அடடா, என்ன ஆழம்!" பொந்துக்கு எவ்வளவு ஆழமோ அவ்வளவுதான் இருந்தது. ஆனாலும் மரம் பிழைத்தது. நல்ல கதையாக இருந்தால் இதோடு முடிந்திருக்கும்.

அவள் கூட்டுக்குத் திரும்பினாள். காவலுக்கு நின்ற கரடி மறித்தார். "தொடக்கூடாதுன்னு எழுதியிருக்கே, கண்ணு தெரியலயா?"

"எழுதினதே நான்தாங்க!"

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. வரிசையில வாங்க."

'வெறுமை'யைப் பார்க்க வந்தவர்களின் வரிசை ஓடைவரை நின்றது. ஆளுக்கு இரண்டு நிமிஷம்; எட்டிப் பார்த்தால் உள்ளே இருட்டுதான் தெரியும். செங்கமலம் தன் முறைக்கு உள்ளே போய் முட்டைமேல் உட்காருவாள், விசில் அடித்ததும் வெளியே வந்து மறுபடி கடைசியில் நிற்பாள். அழுதுகொண்டேதான் நின்றாள். "பாருங்க, எப்படி ரசிக்கறாங்க" என்று நெகிழ்ந்தது கூட்டம்.

ஆள் மாறும் இடைவெளியிலும் ராத்திரி முழுக்கவும் கரடிதான் மூக்கைப் பொந்துக்குள் விட்டு வெறுமையை முகர்ந்துகொண்டிருந்தார். "உள்ள ஒரு கதகதப்பு இருக்குங்க" என்று வருவோர் போவோரிடம் சொன்னார். அவர் மூச்சுதான் அது. அந்தப் புண்ணியத்தில் பன்னிரண்டாம் நாள் மூன்று குஞ்சுகள் தலையை நீட்டின.

செங்கமலத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாஸ்டருக்குக் கோபம் தாங்கவில்லை. "வெறுமைன்னு போட்டுட்டு உள்ள மூணு பேரா? ஏமாத்து வேலை! வெட்டுங்கப்பா, கடைசி நாள் கரண்டிக்கு ஆச்சு!"

ரம்பம் மரத்தில் பட்டது. குஞ்சுகளுக்கோ இன்னும் இறகுகூட முளைக்கவில்லை. செங்கமலம் பாய்ந்து போய்ப் பழைய எழுத்தைக் கொத்தி எறிந்துவிட்டுப் புதிதாக எழுதினாள்: 'நிறைவு. படைத்தவர்: மாஸ்டர் தாண்டவராயன்.'

மாஸ்டர் படித்தார். இன்னொரு தரம் படித்தார். ரம்பத்தைக் கீழே வைத்தார். கண் கலங்கிவிட்டது.

"எப்போ செஞ்சேன்னு எனக்கே ஞாபகமில்ல" என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு மாஸ்டர் செங்கமலத்தைக் கூப்பிட்டார். "உங்களுக்குக் கலை வராதும்மா. பரவாயில்ல, இதைக் கூட்டிப் பெருக்கி வெச்சுக்க ஒரு ஆள் வேணும். உள்ளயே தங்கிக்கங்க."

"ரொம்ப நன்றிங்க மாஸ்டர்" என்று கும்பிட்டுவிட்டு, அவள் தன் வீட்டுக்குள் வேலைக்குச் சேர்ந்தாள்.

நீதி: உங்கள் வீட்டை ஒருவர் இடிக்க வந்தால் அழாதீர்கள், கெஞ்சாதீர்கள். அவர்தான் கட்டினார் என்று வாசலில் எழுதிவிட்டு, உள்ளே போய்ப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுங்கள்.