பௌர்ணமியை எதிர்த்த பார்க்கிங் அண்ணன்

திருவண்ணாமலையில் பௌர்ணமியை எதிர்த்து நின்ற ஒரே மனிதர் பார்க்கிங் அண்ணன்தான். கிரிவலக் கூட்டத்தை நம்பி ஊரே கடையை அகலத் திறக்கும் நாளில், செங்கம் ரோட்டில் அவர் மட்டும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு முறைத்து நிற்பார்.

லேப்டாப் ஹார்டு டிஸ்க்கைப் பழுது பார்ப்பது அவர் தொழில். "புதுசே மாத்திக்கலாமே" என்று யாராவது சொன்னால் போச்சு. "உங்க வீட்ல யாருக்காவது காய்ச்சல்னா ஆளயே மாத்திடுவீங்களா?" என்பார். சுழலும் தட்டின்மேல் தொடாமல் பறந்து எழுதுகிற ஹெட், வேலை முடிந்ததும் ஓரத்துச் சரிவில் ஏறிப் படுத்துக்கொள்ளும். அதுதான் பார்க்கிங். டிஸ்க்கோடு யார் வந்தாலும் வணக்கத்துக்கு முன்பே, "பார்க்கிங் ஆச்சா?" என்பார். வேங்கிக்காலிலிருந்து ஜீப்பில் வந்த அதிகாரியையும் அப்படித்தான் கேட்டார். ஜீப்பைத்தான் கேட்கிறார் என்று அதிகாரி திரும்பி டிரைவரைப் பார்த்தார்.

என் தங்கை நிலக்கடலை நோய்களைப் பற்றி ஆறு வருஷம் ஆய்வு செய்தவள். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் லேப்டாப்பை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டே வந்தாள். பஸ் பிரேக் போட்டது; லேப்டாப் கீழே விழுந்தது. வேறு பிரதி கிடையாது. ஆய்வேட்டைக் கொடுக்க இன்னும் இரண்டே நாள். விழுந்த அன்றே பௌர்ணமி. நேராக அண்ணன் கடைக்கு ஓடினோம்.

அண்ணன் டிஸ்க்கைக் கழற்றி, ஓடவிட்டு, காதில் வைத்துக் கேட்டார். "டிக் டிக்குங்குது. எங்கேருந்து விழுந்துச்சு?"

"மடியிலேருந்துங்க."

"அட, கொஞ்சம் ஜாஸ்தி உயரத்துலேருந்து போட்டிருக்கக் கூடாதாம்மா? விழறோம்னு தெரிஞ்சா ஹெட்டு தானே ஓடிப்போய்ப் படுத்துக்கும். உயரம் கம்மி, அதுக்கு டைம் பத்தல."

"இப்பவே தொறந்து பாருங்கண்ணா" என்றேன்.

"முடியாது."

ரோட்டைக் காட்டினார். லட்சம் பேர் நடந்துகொண்டிருந்தார்கள். "அத்தன காலும் கெளப்பற தூசி! ஹெட்டுக்கும் தட்டுக்கும் நடுவுல ஒரு முடி கூட நுழையாது. ஒரு தூசி விழுந்தா அதுக்கு நம்ம மலை மாதிரி. கூட்டம் போவட்டும். நாளன்னைக்குக் காலைல வாங்க."

எதிர்க்கடைக்காரர் ஸ்குரூடிரைவரோடு வந்துவிட்டார். "குடுங்க சார், அஞ்சு நிமிஷத்துல தொறந்துடறேன்." நான் கையை நீட்டினேன். அண்ணன் டிஸ்க்கைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

"போலீசக் கூப்புடுங்க, கலெக்டரக் கூப்புடுங்க. குடுக்க மாட்டேன்!"

வந்த கோபத்தில் அவரைத் திருடன் என்றேன். தங்கைதான் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுண்ணா. இங்க இவரு ஒருத்தருதான் அதுக்காகப் பயப்படறாரு. இவருகிட்டயே இருக்கட்டும்."

சொன்ன நாளில் போனோம். தூசி அடங்க, தரை, சுவர், கூரை எல்லாவற்றிலும் தண்ணீர் தெளித்திருந்தார். அவர் தலையும் நனைந்திருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு, வேறொரு டிஸ்க்கின் ஹெட்டை மாட்டி, முழுவதையும் நகலெடுத்து வைத்திருந்தார். என் தங்கை அழுதேவிட்டாள்.

"எல்லா ஃபைலும் தொறக்குதாண்ணா?" என்றேன், திருடன் என்ற வாயால்.

"தொறந்தா போதுமா? உள்ள இருக்கறது சரியா வந்திருக்கான்னு தெரிய வேணாம்? மொதப் பக்கத்துலேருந்து கடைசி வரைக்கும் படிச்சுட்டேன்." தங்கையிடம் திரும்பினார். "அஞ்சாவது அத்தியாயத்துல எலப்புள்ளி நோய்ப் படம் ரெண்டு தடவ வருதும்மா. அது டிஸ்க்கு தப்பு இல்ல, உன் தப்பு. எடுத்துடு."

தங்கை இப்போது டாக்டர். அந்த ஆய்வேட்டை முழுசாகப் படித்தவர் எங்கள் குடும்பத்தில் பார்க்கிங் அண்ணன் ஒருவர்தான்.