வாசப்படியில நின்ன டிவி

"இனிமே பிளாஸ்டிக் சுத்துன சாமான் எதுவும் இந்த வாசப்படி தாண்டக் கூடாது!"

நாற்காலி மேல ஏறி நின்னு சொன்னேன். கீழ நின்னு சொன்னா எம் பொண்டாட்டி காதுல ஏறாது.

நான் பைப்பு ரிப்பேர் பாக்கறவன். எந்தத் தெருவுல சாக்கடை அடைச்சாலும் கைய விட்டா கவருதான் வரும். ஜனங்க வாங்கறதுல பாதி வீட்டுக்கு, பாதி சாக்கடைக்கு. அதனால சட்டம் நியாயமானதுதான். ஆனா உள்ளுக்குள்ள ஒரு கள்ளம். அவளுக்கு வாரா வாரம் பார்சல்ல சேலை வருது. கவருக்குள்ள கவரு, அதுக்குள்ள இன்னொரு கவரு. கவர நிறுத்துனா சேலையும் நிக்கும்ல?

"சரிங்க"ன்னா. சண்டையே போடாம சரின்னா கொஞ்சம் உஷாரா இருந்துக்கங்க. நான் உஷாரா இல்ல.

மறுநாள் புதுச் சேலையில வந்து நின்னா.

"ஏதும்மா இது?"

"கடையில வாங்குனேன். கவரு வேணாம்னுட்டேன். அங்கயே கட்டிக்கிட்டு வந்துட்டேன்."

"சட்டம்..."

"பிளாஸ்டிக்குதான சுத்தக் கூடாது? இதை நான்ல சுத்தியிருக்கேன்!"

அதோட விட்டுட்டேன். ஏன்னா நான் ஆர்டர் போட்ட டிவி வர்ற நேரம். ஞாயித்துக்கிழமை பைனல் மேட்ச். பெரிய டிவியில பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. அட்டைப்பெட்டியிலதான வரும், அட்டை மக்கிடும், நமக்கென்னன்னு இருந்தேன். மக்கு நான்.

டிவி வந்துச்சு. எம் பொண்டாட்டி வாசல்ல குறுக்க நின்னுக்கிட்டா.

"இங்கயே பிரிங்க."

பிரிச்சேன். டிவிக்கு ஒரு கவரு. ரிமோட்டுக்கு ஒரு கவரு. ஒயருக்கு, பேட்டரிக்குக்கூடக் கவரு. என்னை யாரும் இவ்வளவு பாசமாப் போத்திவிட்டதில்ல.

"கவர உருவிட்டு உள்ள கொண்டுபோயிடறேன்மா."

"தாண்டக் கூடாதுன்னு கவரச் சொன்னீங்களா, சாமானச் சொன்னீங்களா?"

"சா... சாமான."

"சுத்துன சாமான்தான இது?"

"சுத்துன சாமான்தான்..."

"அப்புறம் என்ன? சட்டம் போட்டவரே மீறுனா ஊரு சிரிக்காது?"

மேல தூறல் போட்டுச்சு. டிவி நனையுதேன்னு சட்டையக் கழட்டி மேல போத்துனேன். எதிர்வீட்டு அக்கா கதவத் தொறந்துச்சு.

"எங்க வீட்ல சட்டமெல்லாம் கிடையாது தம்பி. இங்க கொண்டாந்து வைங்க."

"அதானே! வைங்க"ன்னா இவ. நானே சுமந்துட்டுப் போயி, நானே மாட்டிக் குடுத்தேன்.

ஞாயித்துக்கிழமை மேட்ச் பாக்க எதிர்வீட்டுக்கு ஓடுனேன். என் டிவியில சீரியல் ஓடுது. முன்னால அக்காவும் எம் பொண்டாட்டியும்.

"சத்தம் போடாம உக்காருங்க. அழுவுற கட்டம்"னா.

நான் ஏற்கெனவே ஆரம்பிச்சுட்டேன்.