முதுமலையில் நமக்கு வீடு இருக்கிறது

திருவண்ணாமலையில் வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் கூடவே ஒரு லாட்ஜையும் கட்டிவிடுகிறார்கள். கட்டும்போது தெரியாது. கிரகப்பிரவேசம் முடிந்து முதல் பௌர்ணமி வரும்போதுதான் தெரியும்.

எங்கள் வீடு வேங்கிக்காலில் இருக்கிறது. மாடியில் ஏறி நின்றால் மலை முழுசாகத் தெரியும். இதை நான் பெருமையாக எல்லாச் சொந்தக்காரர்களிடமும் சொல்லி வைத்தேன் (வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்). அன்றிலிருந்து கிரிவலத்துக்கு வருகிற சொந்தம், சொந்தத்துக்குச் சொந்தம், சொந்தத்தோடு பஸ்ஸில் பேசிப் பழக்கமானவர்கள் என்று பௌர்ணமிக்குப் பௌர்ணமி எங்கள் ஹால் நிரம்பிவிடும். கார்த்திகை தீபத்துக்கு மாடிப்படியில்கூட ஆள் படுத்திருப்பார்கள்.

அத்தனை பேருக்கும் எலுமிச்சை சாதம் கிளறுவது, விடிந்ததும் காபி போடுவது, அவர்கள் போன பிறகு போர்வைகளை ஊறவைத்துத் துவைப்பது எல்லாம் என் மனைவி கலைச்செல்வி. தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். நான் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்று சிரிப்பது என் இலாகா. அதில் யாரும் என்னைக் குறை சொன்னதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு, முழுப் பரீட்சை முடிந்ததும் எங்கள் மகள் யாழினி, முதுமலைக்குப் போய் யானை பார்க்க வேண்டும் என்றாள். ஆச்சரியம் என்னவென்றால், கலை உடனே சரி என்றாள். ஆனால் யானைக்காக இல்லை.

"ஏங்க, எனக்கு யானையும் வேணாம், புலியும் வேணாம். ஒரு ரூம் வேணும். உள்ள போயி தாப்பா போட்டா யாரும் கூப்பிடக் கூடாது. காலைல யாராச்சும் கதவத் தட்டி காபி குடுக்கணும். நான் எழுந்து பால் காய்ச்சக் கூடாது. அவ்ளோதான்" என்றாள்.

கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவள் வாய் விட்டுக் கேட்டது இந்த ஒன்றுதான். அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

ஒரு வாரம் போனில் தேடி அவளே ஒரு காட்டேஜைக் கண்டுபிடித்தாள். மசினகுடிக்குப் பக்கத்தில், பச்சைக் கூரை, வராந்தாவில் இரண்டு பிரம்பு நாற்காலி, எதிரே மலை. தங்கிப் போனவர்கள் எழுதிய விமர்சனங்களை ஒன்று விடாமல் படித்திருந்தாள். "காலைல ஆறரைக்கே காபி கொண்டாந்து தராங்களாம்" என்று ஒருவர் எழுதியதை எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினாள்.

நான் போனை வாங்கிப் பார்த்துச் சிரித்தேன். லாட்ஜ் விஷயத்தில் நான் பெரிய நிபுணன் என்பது என் எண்ணம். வெளியூர்க்காரர்கள் ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வரும்போது, "நல்ல ரூம் எங்கங்க கெடைக்கும்?" என்று என்னைத்தான் கேட்பார்கள். எங்கள் ஊர் லாட்ஜ்காரர்கள் பாத்ரூம் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் படம் எடுத்து, 'மலை பார்த்த அறை' என்று போடுவது எனக்குத் தெரியும். அந்த அறிவை வைத்து முதுமலையையும் எடை போட்டேன்.

"இந்த நாற்காலியில நீ உக்காந்தா மலை தெரியாது, பக்கத்துக் காட்டேஜோட தண்ணி டேங்க்தான் தெரியும். நம்மகிட்டயேவா?" என்றேன். கூடவே, வாழ்க்கையில் நான் சொன்ன வாக்கியங்களிலேயே எனக்கு அதிக சேதம் உண்டாக்கிய வாக்கியத்தையும் சொன்னேன்: "அங்க நமக்கு வீடே இருக்கறப்போ எவனாச்சும் லாட்ஜ்ல தங்குவானா?"

வீடு என்று நான் சொன்னது நாகராஜ் அண்ணன் வீடு. என் பெரியம்மா மருமகளுக்கு அவர் அண்ணன். முறைக்கு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று குழம்பிப் பொதுவாக 'அண்ணன்' என்று வைத்துக்கொண்டேன். வேலையில் இருந்து ஓய்வு பெற்று மசினகுடியில் சொந்த வீட்டில் இருக்கிறார். வருடம் தவறாமல் தீபத்துக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம பக்கம் வந்தா வேற எங்கயும் தங்கக் கூடாது. கண்டிப்பா நம்ம வீட்டுக்குத்தான் வரணும்" என்பார்.

இதெல்லாம் கிளம்பும்போது சொல்லும் பேச்சு என்று ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் நம்பினேன். நம்பினேன் என்பதுகூட இல்லை. இத்தனை வருடம் என் வீட்டுப் பாயில் படுத்தவர்களில் ஒருவர் வீட்டிலாவது நான் ஒரு தடவை படுத்து எழுந்தே ஆக வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

போன் செய்தேன். "ஏன்ப்பா, இதுக்கெல்லாம் கேக்கணுமா? நம்ம வீடு. தாராளமா வாங்க!" என்றார். நான் ஸ்பீக்கரில் போட்டுக் கலைக்கும் கேட்க வைத்தேன். அவள் பச்சைக் கூரைப் படத்தை இன்னொரு தடவை பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் போனை மூடினாள். நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்கும்போது, தங்கும் இடம் என்று கேட்ட கட்டத்தில் 'சொந்தக்காரர் வீடு' என்று கெத்தாக அடித்தேன்.

விடியற்காலையில் கிளம்பி, சேலம், மேட்டுப்பாளையம், ஊட்டி, கூடலூர் என்று என் பழைய காரை உருட்டிக்கொண்டு மசினகுடி சேரும்போது சாயங்காலம். நாகராஜ் அண்ணன் வீட்டு வாசலில் ஒரு வேனும் ஒரு காரும் நின்றன. கொடியில் பத்துப் பதினைந்து துண்டுகள் காய்ந்தன. வாசலில் செருப்புகளைப் பார்த்ததும் எனக்கு எங்கள் வீட்டுப் பௌர்ணமி ஞாபகம் வந்தது.

"அடடா! வாங்க, வாங்க! நான்தான் சொன்னேன்ல, திருவண்ணாமலையும் வந்துரும்னு!" என்று அண்ணன் ஓடிவந்து கட்டிக்கொண்டார். யாரிடம் சொன்னார் என்று உள்ளே போனதும் தெரிந்தது.

ஹால் நிறைய ஆட்கள். சோபாவில் உட்கார்ந்திருந்த ஒருவர் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார்.

"உக்காருங்கண்ணா. நாங்க பழனிங்க. தைப்பூசத்துக்கு அண்ணன் நம்ம வீட்லதானுங்க தங்குவாரு. எந்நேரமும் 'வாங்க, வாங்க'ம்பாரு. சரின்னு வந்துட்டோமுங்க."

ஜன்னலோரம் சட்டையைக் கழற்றிவிட்டு விசிறிக்கொண்டிருந்த பெரிய உருவம் சிரித்தது. "நமக்குத் திருச்செந்தூரு. சஷ்டிக்கு வருஷா வருஷம் நம்ம வீட்டுக்குத்தான் வருவாவ. நீங்க தீபமாக்கும்?"

"ஆமாங்க, தீபம்" என்றேன்.

நாகராஜ் அண்ணன் எல்லாத் திருவிழாவுக்கும் போகிறவர். எல்லா ஊரிலும் யாராவது ஒருவர் வீட்டில் தங்குகிறவர். எல்லோரையும் ஒரே வாக்கியத்தால், மனசார, அழைத்திருக்கிறார். பள்ளிக்கூட லீவு எல்லோருக்கும் மே மாதம்தான் வரும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. அவர் முகத்தில் ஒரு சங்கடமும் இல்லை, சந்தோஷம்தான். அந்த ஹாலில் என்னைப் பார்ப்பது போலவே இருந்தது.

எங்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம், பூஜை அறைக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவில் ஒரு பாய் அளவு. கதவு கிடையாது. கதவே இல்லாத இடத்தில் தாழ்ப்பாளை எங்கே தேடுவது? நான் கலையின் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. சமையலறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே நாகராஜ் அண்ணனின் மனைவி சரோஜா அண்ணி, ஒரு பெரிய அண்டாவுக்கு முன்னால் தனியாக நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம். பௌர்ணமி அன்றைக்குக் கலை எப்படி இருப்பாளோ அப்படியே இருந்தார். கலை பையைக் கீழே வைத்தாள், சுடிதார் துப்பட்டாவை இழுத்து இடுப்பில் கட்டினாள், உள்ளே போய், "அண்ணி, கத்தியக் குடுங்க" என்றாள்.

ஒரு ரூம், ஒரு காபி என்று கேட்டவளை நானூறு கிலோமீட்டருக்கு மேல் கூட்டிவந்து, இன்னொரு சமையலறையில் நிறுத்தியிருக்கிறேன்.

மறுநாள் காலையில் பால் பாக்கெட் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு ரூம் தேடப் போனேன். மே மாதத்து மசினகுடியில் அறை தேடுவது, தீபத்தன்று எங்கள் ஊர் சன்னதித் தெருவில் அறை தேடுவதற்குச் சமம். தோளில் பையோடு லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்குகிற வெளியூர்க்காரர்களைக் கடையில் இருந்தபடியே பார்த்து எத்தனை தடவை சிரித்திருக்கிறேன்! "முன்னாடியே புக் பண்ணிட்டு வரணும் சார், சீசன்ல" என்று எனக்கே அறிவுரை சொன்னார்கள். இது என் வசனம்.

கடைசியில் அந்தப் பச்சைக் கூரைக் காட்டேஜுக்கே போய் நின்றேன். நிரம்பிவிட்டதாம். வராந்தாவில் அதே பிரம்பு நாற்காலியில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். ஒரு பையன் ட்ரேயில் காபி வைத்துவிட்டுப் போனான். அவருக்கு எதிரே மலை தெரிந்தது. தண்ணீர் டேங்க் எதுவும் இல்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன், பிறகு பால் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

அன்று மதியம் வனத்துறை வேனில் சஃபாரிக்கு எல்லோரும் கிளம்பினோம். எல்லோரும் என்றால் ஆண்களும் பிள்ளைகளும். மறுநாள் இருபது பேருக்கு இட்லி மாவு ஆட்டவேண்டியிருந்ததால் பெண்கள் வரவில்லை. நான், "கலை, நீ வா, நான் ஆட்றேன்" என்று சொன்னேன். கிரைண்டரில் முதலில் அரிசியைப் போடுவதா உளுந்தையா என்று அவள் கேட்டாள். நான் வேனில் ஏறிக்கொண்டேன்.

யாழினிக்கு மூன்று யானைகள் கிடைத்தன, குட்டியோடு. அந்தக் காட்டில் கலை பார்த்த ஒரே வனவிலங்கு, சமையலறை ஜன்னலில் கையை விட்டுத் தக்காளியைத் தூக்கிக்கொண்டு போன குரங்கு. அதைப் பார்க்க அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. எங்கள் மாடியில் வடாம் காயவைத்தாலே வரும்.

ஆனால் ஒன்று நடந்தது. நாங்கள் சஃபாரி முடிந்து வரும்போது சமையலறையில் பெரிய சிரிப்பு. சரோஜா அண்ணி, பழனிக்காரர் மனைவி, திருச்செந்தூர் அண்ணாச்சி மனைவி, கலை, நான்கு பேரும் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்கள். நான் வெளியே போனதும் மறுபடி ஆரம்பித்தார்கள். சண்டை இல்லாமல் முடிந்ததே என்று எனக்கு நிம்மதி (எவ்வளவு வெகுளி, பாருங்கள்).

கிளம்புகிற அன்று காரில் ஏறும்போது, பழக்கதோஷம், பழனிக்காரர் கையையும் அண்ணாச்சி கையையும் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "தீபத்துக்கு எல்லாரும் வரணும். வேற எங்கயும் தங்கக் கூடாது. கண்டிப்பா நம்ம வீட்டுக்குத்தான்!"

சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கு உறைத்தது. கலையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கோபப்படவில்லை. "சொல்லிட்டீங்க இல்ல? சரி" என்றாள். ஊட்டி வருவதற்குள் போனில் யாரிடமோ பேசி முடித்துவிட்டாள். எங்கள் ஊர் பெயர் மட்டும் காதில் விழுந்தது. பள்ளிக்கூட விஷயம் என்று நினைத்தேன்.

கார்த்திகை வந்தது. தீபத்துக்கு முதல் நாள், கலை ஒரு சின்னப் பையோடு வாசலில் நின்றாள்.

"நான் ரூம் போட்டிருக்கேன்" என்றாள்.

"வரவங்களுக்கா? அதான் நம்ம வீடு இருக்கே."

"எங்களுக்கு. எனக்கு, சரோஜா அண்ணிக்கு, பழனி அக்காவுக்கு, திருச்செந்தூர் அக்காவுக்கு. மே மாசமே சொல்லி வெச்சுட்டேன். இப்பக் கேட்டா கெடைக்குமா?"

"இதே ஊர்ல வீடு இருக்கறப்போ எவனாச்சும் லாட்ஜ்ல தங்குவானா, கலை?"

"முதுமலையில காட்டேஜ் இருக்கறப்போ எவனாச்சும் வாஷிங் மெஷின் பக்கத்துல படுப்பானா?" என்றாள் அமைதியாக. ஆட்டோ வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

சாயங்காலம் விருந்தாளிகள் வந்தார்கள். ஆண்களும் பிள்ளைகளும் மட்டும். பெண்களை வழியிலேயே லாட்ஜில் இறக்கிவிட்டு வந்திருந்தார்கள். "கலை ரூம் போட்டுட்டாளாமே" என்று நாகராஜ் அண்ணன் என்னிடம் கேட்டார். "நான் இத்தன வருஷம் இத்தன கோயிலுக்குப் போயிருக்கேன், ஒருநாளும் ரூம் போட்டதில்லப்பா." யாழினி என்னோடேயே இருந்தாள். நான் எலுமிச்சை சாதம் கிளறுவதை வீடியோ எடுக்க வேண்டுமாம்.

அந்த எலுமிச்சை சாதத்தைப் பற்றிப் பேச வேண்டாம். அண்ணாச்சி ஒரு வாய் வைத்துவிட்டு, "பக்கத்துல ஓட்டல் எதுவும் உண்டுமா?" என்று கேட்டார்.

மறுநாள் காலையில்தான் நிஜமான கண்டம். எல்லோரும் எழுந்து ஹாலில் வரிசையாக உட்கார்ந்து காபிக்காகச் சமையலறையைப் பார்த்தார்கள். பால் பொங்கி அடுப்பு அணைந்தது. டிகாக்ஷன் பில்டரை விட்டு இறங்கவில்லை. கலைக்குப் போன் செய்தேன்.

"கலை, இந்த பில்டர் இறங்க மாட்டேங்குது. தூள் ஜாஸ்தியா, கம்மியா? என்ன பண்றது?"

"இருங்க, யாரோ கதவத் தட்றாங்க" என்றாள். தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் கேட்டது. "மேடம், காபி" என்று ஒரு குரல். பின்னால் சரோஜா அண்ணி ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கலை மறுபடி போனை எடுத்தாள். நான் அவ்வளவு சந்தோஷமான குரலை அவளிடம் கேட்டு வருடக்கணக்காகிவிட்டது.

"அப்புறமா பேசறேங்க. காபி ஆறிடும்" என்று வைத்துவிட்டாள்.

இப்போது இது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. பத்துப் பேருக்கு மேல் விருந்தாளி வருகிறார்கள் என்றால் கலை ரூம் போட்டுவிடுவாள். நானும் எலுமிச்சை சாதத்தில் கொஞ்சம் தேறியிருக்கிறேன். அக்கம்பக்கத்தில் யாராவது வந்து, "டீச்சர் இல்லையா?" என்று கேட்டால், யாழினி முகத்தை மாற்றாமல் சொல்வாள்: "அம்மா முதுமலைக்குப் போயிருக்காங்க ஆன்ட்டி."

"அப்டியா? யானை பாத்தாங்களாமா?"

"அதெல்லாம் தெரியாது ஆன்ட்டி. காபி வந்துடுச்சாம்."