காசிநாதருக்கு ஒரு தலை

"இது அவரு இல்லப்பா."

முதலாளியின் அம்மா ஜெயம்மாள் சொல்லி முடித்துவிட்டாள். குமாஸ்தா உமாபதி சிலையை இன்னொரு முறை ஏறிட்டுப் பார்த்தான்.

சென்னைக் கடற்கரையில் வரிசையாகச் சிலைகள் முளைத்த வருஷம் அது. பட்டுக்கடை முதலாளி பரசுராமனுக்கும், காலமான தன் அப்பா காசிநாதருக்குக் கடை வாசலில் ஒரு சிலை வைக்க ஆசை வந்தது. புதிதாகச் செய்தால் கட்டுப்படியாகாது என்று, வெள்ளைக்காரன் பங்களா ஏலத்தில் ரோமாபுரி ராஜா ஒருவரைப் பிடித்து வந்தவன் உமாபதிதான். பளிங்கு உடம்பு, போர்க்கோலம், தூக்கிய வலது கை. மார்புக் கவசத்தில் எதிரெதிரே இரண்டு யாளிகள். இடுப்பைச் சுற்றி, முந்தானைக் குஞ்சம் மாதிரித் தோல் பட்டைகள்.

"எல்லாம் நம்ம டிசைன்தான் மொதலாளி!"

முகம்தான் உதவாது. வழுக்கை, கழுகு மூக்கு, தள்ளுபடி கேட்டவனைப் பார்க்கிற முறைப்பு. மேஸ்திரி வீரபத்திரன் அந்தத் தலையை அறுத்தெடுத்துவிட்டு, போட்டோவைப் பார்த்துச் செய்த சிமென்ட் தலையைப் பொருத்தினார். ராஜாவின் தலை கிடங்குக் கதவுக்கு முட்டாகப் போனது.

"வெள்ளிக்கிழமை திறப்பு விழா. அதுக்குள்ள எங்கம்மா வாயால 'அவருதான்'னு வரணும். வரலைன்னா கணக்கை முடிச்சுக்கினு கெளம்பு" என்றார் பரசுராமன்.

"என்னம்மா கொறை?" என்று கேட்டான் உமாபதி.

"சிரிக்கிறாரே! அவரு சிரிச்சு யாருப்பா பார்த்தா?"

"போட்டோவுல சிரிக்கிறாரேம்மா!"

"அது போட்டோக்காரன் வரைஞ்ச சிரிப்பு."

மேஸ்திரி சிரிப்பைச் செதுக்கினார். கூடவே பாதி உதடும் வந்துவிட்டது. ஒட்டிப் பூசியதில் காசிநாதருக்குக் கன்னம் வீங்கிவிட்டது.

"பல்லு வலின்னு அவரு ஒரு நாளும் படுத்ததில்ல. அப்புறம் இன்னாப்பா இந்த முழங்காலு? கட்டிக்கினு வந்த நானே பகல்ல பார்த்ததில்ல."

வேட்டி கட்டினார்கள். தூக்கிய கையோடு, தாமல் ஊருக்குப் போகிற பஸ்ஸை நிறுத்த ஓடி வந்தவர் மாதிரி இருந்தது. கையை மறைக்க அதன்மேல் ஒரு பட்டுப்புடவையைப் போட்டார்கள். தெருவில் போன ஓர் அம்மாள் முந்தானையைத் தடவிப் பார்த்து, "கடைசி வெலை சொல்லுப்பா" என்று சிலையிடம் கேட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் உமாபதிக்கு, வேலை போனாலும் சரி, எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

"மேஸ்திரி, வேற தலை ஒண்ணு..."

"கழுத்துல எடமில்ல சார். இன்னொருவாட்டி அறுத்தா தலையைக் கவசத்துக்குள்ளதான் வெக்கணும்."

உமாபதி கைகூப்பினான். "அம்மா, மனசு வெச்சு ஒருவாட்டி பாருங்கம்மா. எனக்கும் குடும்பம் இருக்குது."

"அதுக்காகப் பொய் சொல்லுவேனா? முப்பது வருஷம் அந்த மூஞ்சிக்கு முன்னாடி நின்னவப்பா நான்."

ஜெயம்மாள் கிடங்கு வழியாக வீட்டுக்குத் திரும்பினாள். கதவருகே நின்றாள். குனிந்து பார்த்தாள். சட்டென்று தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

"இதோ இருக்காரே! ஏம்பா உமாபதி, எவன்பா இவரைக் கதவுக்கு முட்டுக் குடுத்தது?"